நீலப் பெட்டியில் ஒரு கூடை ஐஸ்

நொச்சிமேட்டுக்குப்பத்தில் ஐஸ் விஷயத்தில் அரசப்பன் வைத்ததுதான் சட்டம். வஞ்சிரத்துக்கு எவ்வளவு, இறாலுக்கு எவ்வளவு, சென்னைக்குப் போகிற பெட்டியில் எத்தனை கை உப்பு தூவ வேண்டும், எல்லாம் அவன் கைக்குத் தெரியும். ஐஸ்கட்டியை உடைக்கிற சத்தத்தை வைத்தே இது நேற்றைய ஐஸ், இது இன்றைய ஐஸ் என்று சொல்லிவிடுவான். இதெல்லாம் ஒரு வித்தையா என்று கேட்கிறவர்கள், பங்குனி வெயிலில் மரக்காணம் கரையில் ஒரு கூடை மத்தியை மதியம் வரை வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் பேசுவோம்.

தொல்லை என்னவென்றால், ஒரு விஷயத்தில் சட்டம் பேசுகிறவன் மற்ற விஷயங்களிலும் சட்டம் பேச ஆரம்பித்துவிடுகிறான். ஊரும் கேட்டுக்கொள்கிறது. அரசப்பனின் மகள் துர்கா கைக்குழந்தையாக இருக்கும்போது அவளுக்கு முதல் தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் அடித்தது, தொடை வீங்கியது, குழந்தை பால் குடிக்காமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தது. அடுத்த ஊசிக்கு நர்ஸ் புனிதா வந்து நின்றபோது, "நல்லாக்கீற கொயந்தயக் குத்தி எதுக்கும்மா காய்ச்சல் வர வெக்கறீங்க? வேணாம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டான். மனைவி தனம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை. அதே பேச்சை மீன் ஏலக்கூடத்திலும் போய்ச் சத்தமாகப் பேசினான். அத்தோடு குப்பத்தில் பாதி வீடுகளில் ஊசி நின்றுபோனது. அரசப்பனே வேண்டாம் என்கிறான் என்றால் சும்மாவா?

போன மாதம் பக்கத்துக் குப்பத்தில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அரசப்பனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிற இளவழகனின் அக்கா மகன், சின்னப் பையன். ஆம்புலன்ஸ் மணலில் இறங்க முடியாமல் மேட்டு ரோட்டிலேயே நின்றுவிட, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் அரசப்பன்தான். அந்த ஓட்டம் முழுக்க அவன் காதோரத்தில் அந்தப் பிள்ளையின் மூச்சு, தண்ணீர் இல்லாத பம்பு காற்றை இழுப்பதுபோல, விட்டு விட்டுக் கேட்டது. பையன் இன்னும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். எல்லாத் தவணை ஊசியும் போட்டிருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை இளவழகன் வந்து சொன்னபோது, அரசப்பன் வலை முடைந்துகொண்டிருந்தான். வலையின் நைலான் நரம்பு உள்ளங்கையை அறுத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அன்றோடு தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் மணலில் ஓடிக்கொண்டிருப்பான். கரை வராது, ரோடு வராது, தோளில் கிடப்பது சில நேரம் அந்தப் பையன், சில நேரம் துர்கா. கடலுக்குப் போனால் அங்கேயும் இதே கதை. விடிகிற நேரத்துப் பனிமூட்டத்தில் தண்ணீர் எது வானம் எது என்று பிரியாது. படகு எதிலோ தொங்கிக்கொண்டிருப்பது போலிருக்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து யாரோ குழந்தைகள் நடந்து வருவதாகத் தோன்றும். இளவழகன் தோளைத் தட்டி, "யண்ணே, வலைய வுடுண்ணே" என்பான். அரசப்பன் தலையை ஆட்டிக்கொண்டு வலையை விடுவான். ஒன்று சொல்ல வேண்டும், இத்தனை மயக்கத்திலும் அவன் ஒரு காரியத்தைத் தெளிவாகச் செய்தான். நர்ஸ் புனிதாவுக்கு அவனே போன் போட்டான். "வாங்கம்மா. எம் பொண்ணுக்குத்தான் மொதல்ல. நானே எல்லாருகிட்டயும் சொல்றேன்" என்றான்.

இன்றுதான் அந்த நாள். அரசப்பன் விடியும்போது கரையேறி, மீனை இறக்கி, ஐஸ் வைத்து, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு ஏலக்கூடத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். உப்புக்காற்றும் தூக்கக்கலக்கமும் சேர்ந்து உலகமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலிருந்தது. அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் புனிதா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்துப் பெண். மணலில் நடக்க இன்னும் பழகவில்லை. தோளில் தடுப்பூசி மருந்து வைத்த நீலப் பெட்டி.

கூடத்தில் ஒருவரும் இல்லாததைப் பார்த்து அவள் முகம் வாடியது.

"சொல்லித்தான்மா வெச்சேன். இன்னும் தயங்கிக்கினு இருக்கறாங்க. நீங்களும் தனமும் வீட்டு வாசல்ல போயி நின்னு கூப்பிட்டா வந்துடுவாங்க" என்றான் அரசப்பன்.

"செரிண்ணா, போயி இட்டுக்கினு வந்துடறோம். பெட்டிய மட்டும் பாத்துக்கோங்க. சூடு பட்டா மருந்து போயிடும்."

பெட்டியை அப்படி விட்டுவிட்டுப் போகக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் வராத தாய்மார்களைத் தேடி அந்த மணலில் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எத்தனை வாசல் ஏறுவாள்? குப்பத்திலேயே குளிர்ச்சியை நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன் கையில்தானே கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தாள்.

அரசப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சூடு பட்டா மருந்து போயிடும். அந்தச் சொல் அவனுக்குள் அலைபோல வந்து வந்து போனது. வெயில் கூரையின் ஓட்டை வழியாக நகர்ந்து நகர்ந்து பெட்டியின் பக்கம் வந்தது. அவன் பெட்டியை நிழலுக்குள் தள்ளினான். தள்ளும்போது உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் எந்த ஐஸ்காரனும் சும்மா இருக்க மாட்டான். மூடியைத் திறந்து பார்த்தான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சின்னச் சின்ன மருந்து சீசாக்கள். அவற்றைச் சுற்றி நாலு பக்கமும் தட்டையான ஐஸ் டப்பாக்கள். ஒன்றை எடுத்துக் குலுக்கினான். பாதி உருகித் தண்ணீராகிக் கிடந்தது. ஐயோ, இந்தப் பொண்ணு மல்லாட்டைக் காட்டுல பொறந்தது, ஐஸப் பத்தி இதுக்கு இன்னா தெரியும் என்று நினைத்தான். எல்லாப் பிள்ளைகளும் வந்து நிற்கும்போது மருந்து சூடேறிப் போயிருந்தால்? துர்காவுக்குப் போடுவது வெறும் தண்ணீராகிவிட்டால்?

பிறகு நடந்ததைப் பாதித் தூக்கத்தில்தான் செய்தான். டப்பாக்களை வெளியே எடுத்தான். நொறுக்கிய ஐஸை ஒரு கூடை அள்ளிவந்தான். இறால் பெட்டிக்குப் போடுவது போலவே ஒரு அடுக்கு ஐஸ், ஒரு கை உப்பு, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு கை உப்பு. உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும் என்பது அவன் படித்த பாடம். நடுவில் மருந்துப் பையைப் பதமாகப் புதைத்தான். குழந்தைக்குப் போர்த்துவது போல மேலேயும் ஐஸைத் தட்டி மூடினான். பெட்டியின் மேல் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு வலைக் குவியலில் சாய்ந்தான்.

எத்தனையோ நாளைக்கு அப்புறம் தூக்கம் வந்தது. கனவில் கடல் முழுக்க உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. குப்பத்துப் பிள்ளைகள் எல்லாம் அதன் மேல் கைகோத்து நடந்துபோனார்கள். ஒரு பிள்ளையும் மூழ்கவில்லை. துர்கா திரும்பிப் பார்த்து அவனைக் கூப்பிட்டாள். இன்னும் பேச்சு வராத குழந்தை, கனவில் தெளிவாக "யப்பா" என்றாள். அப்படியே இருந்துவிடலாம் போல அவ்வளவு சுகமாக இருந்தது.

பேச்சுச் சத்தத்தில் விழித்தான். கூடம் நிறைந்திருந்தது. இடுப்பில், தோளில், கையைப் பிடித்துக்கொண்டு, எங்கும் பிள்ளைகள். தனம் துர்காவை வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஏலம் விடுகிற தையல்நாயகி, அவள் பேச்சுக்குப் பெரிய வியாபாரிகளே பயப்படுவார்கள், தன் மகன் மணிமாறனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரசப்பனுக்குக் கண் கலங்கியது. வந்துவிட்டார்கள், எல்லாரும் வந்துவிட்டார்கள்.

புனிதா சாக்கை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மேலே வரை நொறுக்கிய ஐஸ்.

ஐஸுக்குள் கைவிட்டு மருந்துப் பையை எடுத்தாள். ஒரு சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மருந்து ஆடவில்லை. வெள்ளையாக இறுகிப்போயிருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். விரலில் ஒட்டியிருந்த பரல் உப்பைப் பார்த்தாள். அப்புறம் ஒரே ஒரு கணம் அரசப்பனைப் பார்த்தாள்.

"இந்த மருந்தப் போட முடியாதுங்க. ஒறஞ்சிபோச்சி. ஒரு தரம் ஒறஞ்சிட்டா திரும்ப உருகுனாலும் அது வேல செய்யாது" என்றாள் கூட்டத்திடம்.

கூட்டம் சலசலத்தது. அப்புறம் யாரோ ஆரம்பித்தார்கள்.

"கெட்டுப்போன மருந்தா?"

"கெட்டதக் கொண்டாந்து நம்ம புள்ளைங்களுக்குப் போட வந்தாங்களா?"

"டவுன்ல இருக்கறவங்களுக்கு நல்லது, நமக்கு இதுவா?" தையல்நாயகியின் குரல் ஏலக்குரலாகவே எழுந்தது. "இன்னாம்மா வெளாடறீங்களா?"

"மருந்து மேல தப்பில்லீங்க. பெட்டிய வுட்டுட்டுப் போனது நானு. தப்பு என்னுதுதான்" என்றாள் புனிதா. ஐஸ் கொட்டியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கலைப்பிரியா என்கிற சின்னப் பெண், முதல் பிரசவத்துக்காரி, கைக்குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு முதல் ஆளாகத் திரும்பி நடந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நடந்தார்கள். இன்றைக்குக் கலைந்தால் இந்தக் கூட்டம் இனி எந்த ஜன்மத்திலும் கூடாது என்பது அங்கே எல்லாரையும்விட அரசப்பனுக்குத் தெரியும். அவன்தானே ஒருமுறை கலைத்தவன்.

கூடை ஐஸ் கொட்டியது நிஜமா கனவா என்று முதலில் அவனுக்கே புரியவில்லை. கனவாகவே இருந்துவிடக் கூடாதா என்றும் ஆசைப்பட்டான். உள்ளங்கை எரிந்தது. வலை நரம்பு அறுத்து இன்னும் ஆறாத கீறலில் உப்புப் பரல் ஏறியிருந்தது. கனவு உள்ளங்கையில் எரியாது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்த கதைதான். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவனுக்குத் தெரியும். ஐஸ் அரசப்பன் ஐஸிலேயே கவிழ்ந்தான் என்று மரக்காணம் மார்க்கெட் வரை சிரிக்கும். இனி எந்த வியாபாரியும் அவன் பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஏற்ற மாட்டான். சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது. அந்தப் பெண்தான் தானாகவே தலையைக் கொடுத்துவிட்டாளே.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் கூட்டத்தில் தனம் மட்டும் துர்காவை இறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் யாரையும் திட்டவில்லை. போகலாமா வேண்டாமா என்று புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"நில்லுங்க!" அரசப்பன் வலைக் குவியலிலிருந்து எழுந்தான். "ஐஸ் கொட்டுனது நானு. நர்ஸம்மா வெச்ச ஐஸு உருகுதுன்னு நெனச்சிக்கினு, எறாலுக்குப் போடற மாதிரி உப்பும் ஐஸும் போட்டு மூடுனேன். காலையில அது நல்ல மருந்து. கெடுத்தது நானு."

முதலில் சிரித்தவள் தையல்நாயகி. அவள் சிரிப்பு மணலைத் தாண்டிக் கேட்டிருக்கும். "அடப்பாவி அரசப்பா! புள்ளைங்க மருந்தயே மெட்ராஸுக்கு எக்ஸ்போர்ட் பண்ணப் பாத்தியே!" கூடமே சிரித்தது. அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சிரிக்கட்டும், சிரிக்கிறவர்கள் போகமாட்டார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

சிரிப்பு அடங்கியதும் தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மருந்துல ஒரு கொறையும் இல்லியேம்மா?" என்று புனிதாவிடம் கேட்டாள்.

"இல்லக்கா. வேற மருந்து சென்டர்ல இருக்குது. போன் பண்ணிக் கேட்டுட்டுப் போயி எடுத்துக்கினு வர்றேன். எல்லாரும் இருப்பீங்களா?"

"அந்த ஆள இட்டுக்கினு போங்க" என்று அரசப்பனைக் காட்டினாள் தையல்நாயகி. "ஆனா ஐஸ்ல கை வெக்க வுடாதீங்க. ஜல்தியா வாங்க, வெயில் சாயறதுக்குள்ள. நாங்க இருக்கறோம்."

அரசப்பனின் பைக்கில் பின்னால் புனிதா, அவள் மடியில் காலிப் பெட்டி. ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளங்கள் கண் கூசக் கிடந்தன. வெள்ளைக் குவியல்கள் வெயிலில் மிதந்தன. அவை நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. தூக்கம் இன்னும் முழுதாகப் போகாத அரசப்பனுக்குக் காலையில் கண்ட கனவுக்குள்ளேயே வண்டி ஓட்டுவது போலிருந்தது. உலகத்தில் இவ்வளவு உப்பு கிடக்க, அதில் இரண்டு கை எடுத்து நான் செய்த வேலையைப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"நான்தான்னு தெரிஞ்சிக்கினே ஏம்மா சொல்லல?"

"சூடு பட்டாப் போயிடும்னு சொன்னவ, ரொம்பக் குளுந்தாலும் போயிடும்னு சொன்னனா? பாதிய முழுங்கிட்டேன். அப்புறம் ஒங்களக் காட்டிக்குடுத்து இன்னா பண்றது?"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தது. ஆனால் உடனே கிளம்ப முடியவில்லை. காலையில் பெட்டியில் வந்த டப்பாக்கள் தண்ணீராகிவிட்டன. ஐஸ் உறைய வைக்கிற பெரிய பெட்டியிலிருந்து வேறு டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள் புனிதா. கல்லாக இறுகிப்போயிருந்தன. அப்படியே மருந்தைச் சுற்றி வைத்தால் மருந்தும் இறுகிவிடும். கொஞ்சம் வேர்த்து, உள்ளே கொஞ்சம் உருகின பிறகுதான் வைக்க வேண்டும்.

"குலுக்கிப் பாருங்க. உள்ள தண்ணி சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் மருந்து பத்திரம்."

வாழ்நாள் முழுக்க ஐஸ் உருகாமல் காத்தவன், ஐஸ் உருகுவதற்காக உட்கார்ந்திருந்தான். டப்பாக்களின் மேல் பூத்த வெள்ளைப் பனி மெதுவாகக் கண்ணாடியாகியது. சொட்டு சொட்டாக மேஜையில் இறங்கியது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. வெளியே வேப்பமரத்தில் காக்கை கத்தியது. அவன் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினான், வைத்தான், மறுபடி எடுத்தான். கடைசியில் உள்ளே கடல் ரொம்பத் தூரத்தில் அலம்புவது போலச் சின்னதாகக் கேட்டது.

"கேக்குதும்மா" என்றான்.

அவர்கள் திரும்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. தையல்நாயகி வாக்குத் தவறவில்லை. ஒருத்தரையும் நகரவிடாமல் கதை பேசிப் பிடித்து வைத்திருந்தாள். அரசப்பன் துர்காவை மடியில் வாங்கிக்கொண்டான். ஊசி இறங்கியதும் குழந்தை முகம் சிவந்து வீறிட்டாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்துத் தனம் சிரித்துவிட்டாள். அடுத்து மணிமாறன், அடுத்து இன்னொரு பிள்ளை. கூடம் அழுகையும் மிட்டாயும் சமாதானமுமாக நிறைந்தது.

கலைப்பிரியா மட்டும் வரவில்லை.

"மருந்து கொஞ்ச நேரந்தான் தாங்கும்ணா. பெட்டிய எடுத்துக்கினு கெளம்பணும்" என்றாள் புனிதா.

அரசப்பன் துர்காவைத் தோளில் போட்டுக்கொண்டு கலைப்பிரியாவின் வீட்டுக்கு நடந்தான். கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

"யாரு?"

"அரசப்பன்மா. கொயந்தய இட்டுக்கினு வா. எல்லாருக்கும் போட்டாச்சி."

கதவுக்குப் பின்னாலிருந்தே அவள் பேசினாள். "அன்னிக்கு வேணாம்னு சொன்னதும் நீதாண்ணே. ஒம் பேச்சக் கேட்டுத்தான் எங்க வீட்டுக்காரு எம் புள்ளைக்கி ஒன்னு கூடப் போட வுடல. இன்னிக்குப் போடுன்னு சொல்றதும் நீதான். மருந்தக் கெடுத்ததும் நீதான். நான் எந்த அரசப்பன நம்பறது?"

இந்த வீட்டுக் குழந்தைக்கு ஒரு ஊசிகூட இல்லை என்பது அவனுக்கு இப்போதுதான் தெரியும். ஏலக்கூடத்தில் தான் வீசிய ஒரு பேச்சு இந்தக் கதவுக்குள் வந்து இத்தனை மாதமாகக் குடியிருக்கிறது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன நம்பாதம்மா" என்றான். "நான் ரெண்டு தரம் தப்பு பண்ணவன். என்னால ஒம் புள்ளைக்கி ஒன்னு ஆச்சின்னா நான் எங்க போயி மூஞ்சியக் காட்டுவேன்? கதவத் தொறந்து எம் பொண்ணப் பாரு. இவளுக்குப் போட்டாச்சி. இவளுக்கு வேணும்னு தோணினது ஒன் புள்ளைக்கும் வேணாமா?"

அழக்கூடாது என்றுதான் நினைத்தான். அழுதுவிட்டான். அப்பன் அழுவதைப் பார்த்துத் துர்கா தன் அழுகையை நிறுத்திவிட்டு அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

கதவு திறந்தது. கலைப்பிரியா துர்காவைப் பார்த்தாள், அவள் தொடையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். மெதுவாக விரலால் தொட்டும் பார்த்தாள். அப்புறம் முந்தானைக்குள்ளிருந்து தன் குழந்தையை எடுத்து, ஒரு கையில் மகளோடு உட்கார்ந்திருந்தவனின் இன்னொரு கையில் வைத்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நீயே மடியில வெச்சிப் புடிண்ணே. குத்தும்போது என்னால பாக்க முடியாது" என்றாள். "ராத்திரிக்குக் காய்ச்சல் அடிச்சா, நீதான் வந்து நிக்கணும்."

"நிக்கறேன்மா."

இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகளோடு அவன் கூடத்தை நோக்கி நடந்தான். கலைப்பிரியா பின்னாலேயே வந்தாள். மணல் இன்னும் சுட்டது. புனிதா கிளம்பாமல் பெட்டியோடு காத்திருந்தாள்.